இன்டர்நேஷனல் ஸ்கூல் ப்ரைமரிக்கு கரிகுலம் போடச் சொல்லிட்டாங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

மூணாம்பெஞ்ச் கேட்டது:

வணக்கம் மக்களே. பத்து வருஷமா ப்ரைமரில கிளாஸ் டீச்சரா இருக்கேன், இந்த வருஷம் திடீர்னு கரிகுலம் கோஆர்டினேட்டர்னு ஒரு மணியைக் கழுத்துல கட்டி விட்டுட்டாங்க. ஒண்ணாம் கிளாஸ்லேர்ந்து ஆறு வரைக்கும். ஒரு கிளாஸ்ல 22 பசங்கன்னா வீட்ல பேசற பாஷை பத்துக்குக் குறையாது, அதுல பாதிப் பேர் ரெண்டு மூணு வருஷத்துல அப்பா அம்மாவுக்கு வேலை மாறினதும் கிளம்பிடுவாங்க, அந்த எடத்துக்கு நடு வருஷத்துல புதுசா யாராவது வந்து நிப்பாங்க. மேனேஜ்மெண்ட் எனக்குக் கொடுத்தது ஒரே வரிதான், "பேலன்ஸ்டா இருக்கணும், எல்லாக் குழந்தையையும் சேத்துக்கற மாதிரி இருக்கணும்". அவ்ளோதான், முடிஞ்சுது மீட்டிங்.

நானும் ஒரு எக்செல் ஷீட்டைத் திறந்து வாரத்துக்கு 25 மணி நேரம்னு வச்சுக்கிட்டு பாடம் பாடமா பங்கு போட்டேன், கணக்குக்கு இவ்ளோ ஆர்ட்டுக்கு இவ்ளோன்னு. கணக்கு டீச்சர் ஒரு பக்கம் சண்டைக்கு வர்றாங்க, ஆர்ட் டீச்சர் இன்னொரு பக்கம். ஷீட்டோட கடைசி காலத்துல (நெடுவரிசையில) "இன்க்ளூஷன்"னு தலைப்புப் போட்டு "தேவைப்பட்டால் சப்போர்ட் டீச்சர்"னு மேலேர்ந்து கீழ வரைக்கும் இழுத்து விட்டேன். போட்ட எனக்கே வெக்கமா இருந்துச்சு.

பி.ஒய்.பி. (ஐ.பி. அமைப்போட ப்ரைமரி இயர்ஸ் புரோகிராம்), கேம்பிரிட்ஜ், ஐ.பி.சி. (இன்டர்நேஷனல் ப்ரைமரி கரிகுலம்)ன்னு ரெடிமேடா இருக்கறதுல எதையாவது அப்படியே எடுத்துக்கறதா இல்ல கலக்கலாமா, பேலன்ஸ்னு உண்மையில எதைச் சொல்றாங்க, அந்தக் கடைசி காலத்துல என்ன எழுதணும்? அனுபவம் இருக்கறவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.

--

சாக்பீஸ்_தூள் எழுதினது:

அந்த மணியை நானும் ஏழு வருஷம் கட்டிக்கிட்டு அலைஞ்சவன் சார், வாங்க.

முதல்ல அந்த மூணும் ஒரே சாமான் இல்ல. பி.ஒய்.பி. 1997ல வந்தது, 3 வயசுலேர்ந்து 12 வரைக்கும், அது ஒரு சட்டகம், சிலபஸ் கெடையாது. ஆறு பெரிய தீம் இருக்கும், நாம யாரு, உலகம் எப்படி இயங்குது, பூமியை எப்படிப் பகிர்ந்துக்கறோம் அந்த மாதிரி, வருஷத்துக்கு ஆறு யூனிட் (ரொம்பச் சின்னப் பசங்களுக்கு நாலு போதும்), கடைசி வருஷம் எக்சிபிஷன், அதாவது பசங்களே ஒரு விஷயத்தை ஆராய்ஞ்சு எல்லாருக்கும் காட்டறது. மூணாம் கிளாஸ்ல பெருக்கல் எதுவரைக்கும்னு அதுல தேடினா எரிச்சல்தான் மிஞ்சும். கேம்பிரிட்ஜ் ப்ரைமரி நேர் எதிர், 5லேர்ந்து 11 வயசு, பாடம் பாடமா ஸ்டேஜ் ஸ்டேஜா எது தெரியணும்னு எழுதி வச்சிருப்பாங்க, முடிவுல செக்பாயின்ட்னு ஒரு டெஸ்ட். ஐ.பி.சி. 2000ல வந்தது, தீம்தான், ஆனா பாடத்துக்கான இலக்கு தனியா, குழந்தையோட சொந்த வளர்ச்சிக்குத் தனியா, உலகப் பார்வைக்குத் தனியான்னு பிரிச்சு வச்சிருப்பாங்க. கலக்கலாம், நெறைய ஸ்கூல் கலக்கத்தான் செய்யுது, ஆனா அங்கீகாரம் வாங்காம பி.ஒய்.பி. ஸ்கூல்னு போர்டு மாட்ட முடியாது, அதை மட்டும் மேனேஜ்மெண்ட்கிட்ட இப்பவே சொல்லி வைங்க.

கலக்கும்போது எல்லாரும் பண்ற தப்பை நானும் பண்ணேன். எல்லாத்தையும் தீமுக்குள்ள திணிக்கறது. இடம்பெயர்தல்னு ஒரு யூனிட், நல்லா போய்ட்டிருந்துச்சு, அதுல பின்னக் கணக்கும் வரணும்னு அடம்பிடிச்சு "பறவை முதல் நாள் கால்வாசி தூரம் பறந்தது, மறுநாள் மூணுல ஒரு பங்கு"ன்னு கணக்குப் போட்டோம். பசங்க பின்னமும் கத்துக்கல, பறவையும் கத்துக்கல. கணக்கு, ஆரம்ப வாசிப்பு ரெண்டையும் தனியா ஓட விடுங்க, தீமோட தானா ஒட்டற எடத்துல ஒட்டட்டும்.

பேலன்ஸ் பத்தி. மணிக்கணக்கைப் பங்கு போட்டா அது சொத்துப் பிரிக்கற வேலை. நான் ஒரு நாள் நாலாம் கிளாஸ்ல ஒரு பையனுக்குப் பின்னாடி ஸ்டூல் போட்டு உக்காந்து, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவன் என்ன செய்றான்னு மட்டும் எழுதினேன். சயின்ஸ், ஆர்ட், சோஷியல், எல்லாம் இருந்த நாள், பேப்பர்ல பாத்தா அருமையான நாள். என் நோட்ல "கேக்கறான்", "பாத்து எழுதறான்", "வெயிட் பண்றான்", திரும்ப "கேக்கறான்". அன்னிக்கு முழுக்க அவன் வாயைத் திறந்தது ரெண்டு தடவை, பாத்ரூம் போகட்டுமான்னு ஒண்ணு, முடிச்சிட்டேன்னு ஒண்ணு. பாடம் ஆறு மாறியிருக்கு, அவன் செஞ்சது மாறவே இல்ல. இதை ஒரு தடவை பண்ணிப் பாருங்க, எக்செல் தானா மூடிக்கும்.

--

எண்கணக்கன் எழுதினது:

மேல சொன்னதுல பாதிக்கு ஒத்துக்கறேன். கணக்கு டீச்சர் சண்டை போட்டா அவங்க பக்கமும் நியாயம் இருக்கு சார், எண்ணும் வாசிப்பும் தினமும் வேணும், அதுல ஜனநாயகம் பாக்க முடியாது. ஆர்ட்டை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை நீளமா வச்சா கூட ஓடும், கணக்கை அப்படி வச்சா ஓடாது.

நான் சொல்ல வந்தது வேற. நடு வருஷத்துல வர்ற பசங்க. பின்னம் முழுக்க நாலாம் கிளாஸ் ரெண்டாவது டெர்ம்னு போட்டு வச்சிருந்தோம், மூணாவது டெர்ம்ல சேந்த பொண்ணுக்கு அவளோட பழைய ஸ்கூல்ல அது அடுத்த வருஷம்தான் வரும், ஆக ரெண்டு ஸ்கூலுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்துல விழுந்துட்டா. யாரோட தப்பும் இல்ல, பிளானோட தப்பு. ஜெரோம் ப்ரூனர்ங்கற உளவியலாளர் 1960லயே சுருள் மாதிரி ஒரே விஷயத்துக்குத் திரும்பத் திரும்ப வரணும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஆழமான்னு சொல்லிட்டார், அது எல்லா ஸ்கூலுக்கும் நல்லதுதான், பசங்க வந்து போய்ட்டே இருக்கற ஸ்கூலுக்கு அது இல்லாம முடியவே முடியாது. முக்கியமான எந்தத் தலைப்பும் வருஷத்துல ஒரே ஒரு எடத்துல மட்டும் இருக்கக் கூடாது, மூணு எடத்துல வரணும். அதுக்கு எடம் வேணும்னா எதையாவது வெட்டத்தான் வேணும். வெட்டறதுக்கு மனசு வராதுன்னா கோஆர்டினேட்டர் வேலை பாக்காதீங்க 😀

இன்னொண்ணு, சின்னது, ஆனா வருஷா வருஷம் பாக்கறேன். ஒரு பையன் மூணரைய 3,5ன்னு எழுதினான், தப்புன்னு சிவப்பு. அவன் படிச்ச எடத்துல தசமத்துக்குக் கமாதான், புள்ளி ஆயிரம் பிரிக்க. ஜெர்மனிலேர்ந்து வர்ற பையனுக்கு 1.234ன்னா ஆயிரத்தி இருநூத்தி முப்பத்தி நாலு, இங்கிலாந்துலேர்ந்து வர்றவனுக்கு ஒண்ணு சொச்சம். இந்தியாலேர்ந்து வந்தவன் லட்சத்தை 1,00,000ன்னு போடுவான், பக்கத்து சீட்ல 100,000. நீள வகுத்தல்ல வகுக்கற எண்ணை எந்தப் பக்கம் எழுதறதுங்கறதே நாட்டுக்கு நாடு மாறும். 1க்குக் கொம்பு வச்சு எழுதற குழந்தையோட ஒண்ணை டீச்சர் ஏழுன்னு படிச்சு மார்க் போச்சு, நானே பண்ணியிருக்கேன். "நாங்க இப்படி எழுதறோம், நீ எப்படி எழுதுவ?"ன்னு ஒரு பக்கம் கரிகுலத்துக்குள்ளயே வைங்க, முதல் வாரப் பாடமா நடத்துங்க. பசங்களுக்கு அது வேடிக்கையா இருக்கும், இட மதிப்பும் அங்கயே புரிஞ்சிடும்.

--

ரெண்டாம்மொழி எழுதினது:

நான் மொழி சப்போர்ட் டீச்சர், அதாவது உங்க கடைசி காலம் நான்தான் 😊

பிளேகிரவுண்ட்ல சரளமா பேசுதே, இனிமே சப்போர்ட் எதுக்குன்னு எல்லா வருஷமும் யாராவது கேப்பாங்க. ஜிம் கம்மின்ஸ்ங்கற மொழிக் கல்வி ஆராய்ச்சியாளர் 1979ல பிரிச்சுக் காட்டினது இதைத்தான், விளையாட, சண்டை போட ஒரு மொழி, அது ஒண்ணு ரெண்டு வருஷத்துல வந்துடும், "ஏன்னா", "இருந்தாலும்", "இதிலேர்ந்து தெரியறது என்னன்னா"ன்னு பாடத்துக்குள்ள போய் யோசிக்கற மொழி வேற, அதுக்கு அஞ்சுலேர்ந்து ஏழு வருஷம். ப்ரைமரியே மொத்தம் ஆறு வருஷம்! அப்ப ரெண்டு வருஷத்துல தயாராயிடும்னு நினைச்சு எழுதற கரிகுலம் பாதிப் பசங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அதனால மொழியைத் தனி ஆள்கிட்ட தள்ளாம ஒவ்வொரு யூனிட் பிளான்லயும் இந்த யூனிட்டுக்கு எந்தச் சொல், எந்த மாதிரி வாக்கியம் வேணும்னு எழுதச் சொல்லுங்க. சயின்ஸ் டீச்சர் மொறைப்பாங்க. மொறைக்கட்டும்.

ஒண்ணு சொல்றேன், மறக்க முடியாதது. எட்டு வயசுப் பொண்ணு, தென் பாதி உலகத்துலேர்ந்து வந்தவ, வந்து நாலு மாசம் கிளாஸ்ல ஒரு வார்த்தை பேசல (அது சகஜம், பயந்துடாதீங்க, கேட்டுக்கிட்டேதான் இருப்பாங்க). நிழல் பத்தின யூனிட். கொடிக்கம்பம் வரைஞ்சு, காலை, மத்தியானம், சாயங்காலம் நிழல் வரைஞ்சு, பக்கத்துல அவ பாஷையில என்னமோ எழுதியிருந்தா. மத்தியான நிழலைத் தெற்குப் பக்கம் போட்டிருந்தா. டீச்சர் அதைத் தப்புன்னு அடிச்சு, எழுதினது இங்கிலீஷ்ல இல்லன்னு அந்த மார்க்கும் போடல. எனக்கு என்னமோ உறுத்துச்சு, அவங்க அம்மாகிட்ட காட்டிப் படிக்கச் சொன்னேன். சூரியன் உச்சிக்குப் போகப் போக நிழல் ஏன் குட்டையாகுதுன்னு அந்த கிளாஸ்லயே யாரும் எழுதாத அளவுக்குத் தெளிவா எழுதியிருக்கா. தெற்குப் பக்கம் போட்டதும் சரிதான், அவ பொறந்த ஊர்ல மத்தியானச் சூரியன் வடக்கால நிக்கும், நிழல் தெற்கால விழும். தப்பு பண்ணது நாங்க, "மத்தியான நிழல் வடக்கே விழும்"னு யூனிட்ல பொதுவா எழுதி வச்சிருந்தோம், எங்க ஊருக்கு மட்டும் பொருந்தறத உலகத்துக்கே எழுதின மாதிரி. மறுவாரம் அவ படத்தை போர்டுல ஒட்டி டார்ச்சும் குளோபும் வச்சு திரும்ப நடத்தினோம், அந்த வருஷத்துல நல்லா போன சயின்ஸ் பாடம் அதுதான்.

அதனால முதல் டிராஃப்ட்டை வீட்டு பாஷையில எழுத விடுங்க, ஒரே பாஷை பேசற ரெண்டு பேரை சேந்து யோசிக்க விடுங்க. இதுக்கு மேனேஜ்மெண்ட் யோசிச்சா 1989 குழந்தை உரிமை உடன்படிக்கையில 29வது பிரிவைக் காட்டுங்க, குழந்தையோட சொந்த மொழிக்கும் பண்பாட்டுக்கும் மரியாதை கொடுக்கறது கல்வியோட நோக்கம்னே அதுல இருக்கு.

--

சும்மா_ஒரு_அம்மா எழுதினது:

நான் டீச்சர் இல்லங்க, பெத்தவ. இன்க்ளூசிவ்னு வருஷத்துக்கு ஒரு நாள், அவங்கவங்க நாட்டுக் கொடியோட பசங்களை நிக்க வைக்கற கொடி நாள் வைக்காதீங்க, ப்ளீஸ். என் பையனுக்கு அப்பா ஒரு நாடு, நான் ஒரு நாடு, அவன் வளந்தது மூணாவது. கொடி வரிசையில எங்க நிக்கறதுன்னு தெரியாம கடைசியில போட்டோ எடுக்கற சார் பக்கத்துல போய் நின்னுட்டான். அப்புறம் இந்தக் குடும்ப மரம் ஹோம்ஒர்க், அம்மா ஒரு கெளை அப்பா ஒரு கெளைன்னு அச்சடிச்ச தாள், அதுல அடங்காத வீடு எத்தனை இருக்குன்னு யாரும் யோசிக்கறதே இல்ல. வெறும் தாளைக் கொடுத்து உன் ஆளுங்களை வரைஞ்சுட்டு வான்னு சொன்னாப் போதாதா.

--

சரிவுப்பாதை எழுதினது:

ஸ்பெஷல் எஜுகேஷன்ல இருக்கேன். மூணாம்பெஞ்ச், அந்தக் கடைசி காலத்துல என்ன எழுதறதுன்னு கேட்டீங்க, ஒண்ணும் எழுத வேண்டாம், டெலிட் பண்ணுங்க.

கட்டடம் கட்டி முடிச்சப்புறம் வீல்சேருக்கு வழி போட்டா பின்பக்கம் குப்பைத் தொட்டி பக்கத்துலதான் வரும், வரைபடத்துலயே போட்டா முன்வாசல்லயே சரிவு வரும், தள்ளுவண்டிக்காரங்களும் அதுலதான் போவாங்க. அந்தக் கட்டட யோசனையைப் பாடத்துக்கு எடுத்துட்டு வந்தது காஸ்ட்னு 1984ல ஆரம்பிச்ச ஒரு அமெரிக்க அமைப்பு. விஷயம் வர்றதுக்கு ஒண்ணுக்கு மேல வழி, தெரிஞ்சதைக் காட்ட ஒண்ணுக்கு மேல வழி, ஆர்வமா உள்ள வர ஒண்ணுக்கு மேல வழி. அவ்ளோதான் சாரம். நடைமுறையில ஒரு கேள்வி போதும், இந்தப் பாடத்தோட இலக்கு எது, அதுக்குப் போற வண்டி எது? நீர் சுழற்சி யூனிட் முடிவுல எல்லாரும் ரெண்டு பக்கம் கட்டுரை எழுதணும்னு போடறோம், இலக்கு ஆவியாதல் புரியறதா கட்டுரை எழுதறதா? புரியறதுதான்னா படமா வரையட்டும், மாடலைக் காட்டி வாயால சொல்லட்டும், டைப் பண்ணட்டும். கட்டுரை எழுதறதே இலக்குன்னா அப்ப வண்டியை மாத்தக் கூடாது, எழுத உதவி பண்ணணும். ரெண்டையும் போட்டுக் குழப்பறதாலதான் "சலுகை கொடுத்தா தரம் போயிடும்"ங்கற சண்டையே வருது.

1994ல யுனெஸ்கோ மாநாட்டுல வந்த சலமாங்கா அறிக்கையில 92 அரசாங்கம் சேந்து பொதுப் பள்ளியிலயே எல்லாக் குழந்தையும்னு சொல்லியாச்சு, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான 2006 ஐ.நா. உடன்படிக்கை 24வது பிரிவும் அதேதான். சேத்துக்கலாமா வேணாமாங்கற பேச்சு முடிஞ்சுபோன பேச்சு, எப்படிங்கறதுதான் நம்ம வேலை.

கடைசியா, இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். சப்போர்ட்டுக்குன்னு பசங்களை கிளாஸ்லேர்ந்து கூட்டிட்டுப் போறோம்ல, எந்த பீரியட்ல? கணக்கு, இங்கிலீஷ்லேர்ந்து கூட்டிட்டுப் போக மாட்டோம், "முக்கியம்". அப்ப மியூசிக், ஆர்ட், பி.டி.லேர்ந்துதான். கையால செய்றதுலயும் ஓடறதுலயும் மட்டுமே ஜெயிக்கற பையனுக்கு அந்த பீரியட்தான் பறிபோகும். உங்க ஷீட்ல பேலன்ஸ் இருக்கும், அந்தப் பையனோட வாரத்துல இருக்காது. சாக்பீஸ் அண்ணா சொன்ன மாதிரி பின்னாடி உக்காரணும்னா அந்த மாதிரி ஒரு குழந்தைக்குப் பின்னாடி உக்காருங்க.

--

எண்கணக்கன் எழுதினது:

எல்லாம் சரி மேடம், ஆனா டைம்டேபிளை முடிவு பண்றது தத்துவம் இல்ல, ஹால் எப்ப காலியா இருக்குங்கறதுதான் 😀

--

மூணாம்பெஞ்ச் எழுதினது:

எல்லாருக்கும் நன்றி, லேட்டா வர்றதுக்கு மன்னிக்கணும். காலத்தை டெலிட் பண்ணிட்டேன். ஷீட்டையும் மூடிட்டு, சப்போர்ட்டுக்குப் போற பசங்க லிஸ்ட்டை மட்டும் எடுத்து ஒவ்வொருத்தரோட வாரத்தையும் தனித்தனித் தாள்ல கையால எழுதினேன். மொத்தம் 11 பேர். அதுல 9 பேருக்கு வருஷம் முழுக்க மியூசிக்கே இல்ல. மியூசிக் டீச்சர்கிட்ட காட்டினேன், அவங்க கொஞ்ச நேரம் தாளையே பாத்துட்டு "இந்தப் பசங்களுக்கெல்லாம் மியூசிக் பிடிக்காதுன்னு நினைச்சுட்டிருந்தேனே சார்"ன்னாங்க.

பின்னத்தை மூணு எடத்துல பிரிச்சாச்சு, அதுக்காக ரோமன் எண்களை வெட்டிட்டேன், யாரும் இன்னும் கவனிக்கல. நிழல் யூனிட்டை எடுத்துப் பாத்தேன், எங்களுதுலயும் "வடக்கே"ன்னுதான் இருக்கு.

இப்ப மாட்டிக்கிட்ட எடம் என்னன்னா, சப்போர்ட்டை கிளாஸுக்குள்ளயே கொண்டு வரலாம்னா ரெண்டு டீச்சரும் சேந்து பிளான் பண்ண வாரத்துல ஒரு பீரியடாவது ஒண்ணா ஃப்ரீயா வேணும், அதுக்கு பி.டி.யை நகர்த்தணும், நகர்த்தினா எண்கணக்கன் சார் சொன்ன மாதிரியே ஹால் காலி இல்ல. யாராவது இதைச் சமாளிச்சிருந்தா எப்படின்னு சொல்லுங்க, நாளைக்கு மத்தியானம் பிரின்சிபால் மீட்டிங்.