புதுப்பிப்பு: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புது விதிநூல், காரைக்குடி நிலவரம்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகச் சாகசக் கதைக்குள் ஆடும் மேசை விளையாட்டு. அதன் 2014 விதிநூலைத் திருத்திப் புதியது வருகிறது என்று அறிவித்ததும் எங்கள் குழு இரண்டுபட்டதை முன்பு எழுதியிருந்தேன். “வாங்கினதெல்லாம் பழைய பேப்பர் கடைக்கா?” என்பதுதான் பெரிய கூச்சல்.

இப்போது 2024 பதிப்பை ஆடிப் பார்த்தாயிற்று. பழைய சாகசக் கதைகளைப் புது விதியிலும் ஓட்ட முடிகிறது, கூச்சல் அடங்கிவிட்டது.

அதிகம் கொண்டாடுவது போர்வீரனாக ஆடும் அண்ணன்தான். முன்பெல்லாம் வெட்டு, வெட்டு, மறுபடி வெட்டு. இப்போது ஆயுதத் தேர்ச்சி, அதாவது ஆயுதத்துக்கு ஏற்ற தனி வித்தை, வந்துவிட்டதால், போர்ச்சுத்தியல் அடி பட்டால் எதிரியை 10 அடி தள்ளிவிடலாம். “தள்ளுடா!” என்று வளவே அதிர அவர் போட்ட சத்தத்தில், பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த ஆச்சி எட்டிப் பார்த்தார்கள்.

குணமாக்கும் மருந்தைக் குடிப்பது இனி போனஸ் ஆக்‌ஷன். அதாவது தன் முறை வரும்போது தாக்குவதோடு சேர்த்தே குடித்துவிடலாம். அதை நாங்கள் வீட்டு விதியாகவே வைத்திருந்தோம், அதனால் யாரும் அசரவில்லை.

தம்பி மட்டும் இன்னும் முறைக்கிறான். பாத்திரத்தின் பலம், அறிவு போன்றவற்றைக் கூட்டும் திறன் புள்ளிகள் அதன் இனத்தை (எல்ஃப், குள்ளர் மாதிரி) விட்டுப் பின்னணிக்கு (சாகசத்துக்கு முன் அது செய்த தொழில் மாதிரி) மாறியது அவனுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான். எல்லோரும் கணக்குப் போட்டே பின்னணி எடுக்கிறார்கள், கதையை யார் பார்க்கிறார்கள்?

அப்புறம், ஆத்தங்குடிக் கல் தரையில் ஆடுபவர்கள் ஜமுக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். இருபது முகப் பகடை நிற்காமல் ஓடுகிறது.