பிரெஞ்சில் நிறச்சொற்கள்: எது மாறும், எது மாறாது?

தும்பி_77:
டெல்ஃப் ஏ2 (பிரெஞ்சு மொழித்திறன் தேர்வில் தொடக்க நிலை) பரீட்சைக்குப் படிக்கிறேன். நிறச்சொல் பெயர்ச்சொல்லின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும் என்பது புரிந்தது. ரோப் (கவுன்) பெண்பால், அதனால் பச்சைக் கவுன் 'யுன் ரோப் வெர்த்', சரி. ஆனால் அதே பக்கத்தில் கரும்பச்சைக் கவுனுக்கு 'யுன் ரோப் வெர் ஃபோன்ஸே' என்று போட்டிருக்கிறார்கள். பெண்பால் எங்கே போச்சு? அச்சுப்பிழையா? போதாக்குறைக்கு, பழுப்புக் கண்கள் 'தே ஸ்யெ மரோன்' பன்மைதானே, மரோனுக்கு எஸ் காணோம்!

கடலோரம்:
அச்சுப்பிழை இல்லை. நிறத்தோடு 'ஃபோன்ஸே' (அடர்), 'க்ளேர்' (வெளிர்) மாதிரி இன்னொரு சொல் ஒட்டிக்கொண்டால் இரண்டும் உறைந்துவிடும், ஆண்பால் ஒருமையிலேயே நிற்கும். ஏனென்றால் அங்கே ஃபோன்ஸே கவுனைப் பற்றிச் சொல்லவில்லை, பச்சையைப் பற்றித்தான் சொல்கிறது. 'ப்ளெ மரீன்' (கருநீலம்) கதையும் இதுதான்.
மரோன் வேறு கேஸ். அது முதலில் ஒரு கொட்டையின் பெயர், செஸ்ட்நட். பொருளின் பெயரை நிறத்துக்கு இரவல் வாங்கினால் பொதுவாக மாறாது: ஒரான்ஷ் (ஆரஞ்சு), துர்குவாஸ் (நீலப்பச்சைக் கல்), க்ரெம் (பாலேடு), ஒலிவ் (ஆலிவ் காய்) எல்லாம் அப்படித்தான். ஆரஞ்சு நிறக் காலுறைகள் எத்தனை ஜோடி இருந்தாலும் 'தே ஷோசெத் ஒரான்ஷ்'தான், எஸ் கிடையாது.

நெல்லிமரம்:
மேலே சொன்னதை அப்படியே நம்பி 'ரோஸ்' (இளஞ்சிவப்பு), 'மோவ்' (வெளிர் ஊதா) இரண்டிலும் கை வைத்துவிடாதீர்கள். இரண்டும் பூக்களின் பெயர்கள்தான், ஆனாலும் பன்மையில் எஸ் வாங்கும். புர்ப்ர் (கருஞ்சிவப்பு), எகார்லாத் (செஞ்சிவப்பு) என்று இன்னும் சில உண்டு, ஏ2-வுக்கு இந்த இரண்டே போதும்.

தும்பி_77:
நன்றி! அப்போ பழுப்புத் தலைமுடிக்கும் மரோன்தானா?

நெல்லிமரம்:
இல்லை, முடிக்கு 'ஷாத்தேன்', இன்னும் கருப்பாக இருந்தால் 'ப்ரன்'. ஷாத்தேனும் செஸ்ட்நட்டிலிருந்து வந்ததுதான், ஆனால் அது முழு உரிச்சொல் ஆகிவிட்டது, 'ஷெவே' (முடி) பன்மை என்பதால் எஸ் போட வேண்டும். இந்த மொழியிடம் நியாயம் கேட்டுப் பயனில்லை.

கடலோரம்:
பேச்சுத் தேர்வுக்கு இவ்வளவு பயம் வேண்டாம். ப்ளெ (நீலம்), நுவார் (கருப்பு) இரண்டுக்கும் பெண்பாலில் ஈ சேர்த்து எழுதினாலும் ஒலி அதேதான். காதில் மாறுவதில் முக்கியமானவை வெர்/வெர்த், ப்ளான்/ப்ளான்ஷ் (வெள்ளை), க்ரி/க்ரீஸ் (சாம்பல்), வியோலே/வியோலெத் (ஊதா). இந்த நாலையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், மற்றதில் பெரும்பாலானவை எழுத்துத் தாளில்தான் மாட்டிவிடும்.