சிவப்பாக இருந்தால் போதுமா? தொலைவான விண்மீன் திரள் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

கேள்வி:
ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கிப் படத்தில் பொட்டு மாதிரி ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டி, இருப்பதிலேயே தொலைவான திரள் இதுதான் என்கிறார்கள். ஓரளவு பக்கத்தில் தூசி மண்டிக் கிடக்கும் திரளும் சிவப்பாகத்தானே தெரியும்? சாதனைச் செய்தி வேறு அடிக்கடி மாறுகிறது, எதைத்தான் நம்புவது?

பதில் 1:
நிறத்தைவிட, எந்த அலைநீளத்தில் திரள் காணாமல் போகிறது என்பதுதான் முக்கியம். 121.6 நானோமீட்டருக்குக் கீழே உள்ள புற ஊதா ஒளியை, பிரபஞ்சத்தின் ஆரம்ப காலத்தில் எங்கும் நிறைந்திருந்த ஹைட்ரஜன் விழுங்கிவிடும். பிரபஞ்சம் விரிய விரிய ஒளி நீண்டு, அந்த வெட்டு அகச்சிவப்புக்கு வந்துவிடுகிறது. மிகத் தொலைவில் உள்ள மாம்-இசட்14 திரளின் செம்பெயர்ச்சி (ஒளி எவ்வளவு நீண்டது என்பதற்கான அளவு) 14.44, ஒன்றைக் கூட்டினால் அலைநீளம் 15.44 மடங்கு, வெட்டு சுமார் 1.88 மைக்ரானில் (1,880 நானோமீட்டர்). 1.5 மைக்ரானை ஒட்டிய ஒளியை மட்டும் விடும் வடிகட்டியில் பார்த்தால் இருட்டு, 2.8இல் ஆள் இருக்கிறார்.

பதில் 2:
சரிதான், ஆனால் அது சந்தேகப் பட்டியல் போட மட்டும்தான் உதவும். 2022இல் சீயர்ஸ்-93316 என்று ஒன்று, படங்களை வைத்துச் செம்பெயர்ச்சி 16க்கு மேல் என்று பரபரப்பு, பெருவெடிப்புக்குப் பின் 25 கோடி ஆண்டுக்குள் உருவானதாம். 2023இல் நிறமாலை எடுத்தால், அதாவது ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துப் பார்த்தால், வெறும் 4.9! நீங்கள் கேட்ட அதே தூசி, கூடவே ஹைட்ரஜன், ஆக்சிஜன் உமிழ்வுக் கோடுகள் (அந்தத் தனிமங்கள் தமக்கே உரிய அலைநீளத்தில் விடும் ஒளி) குறிப்பிட்ட வடிகட்டிகளில் போய் விழுந்து ஏமாற்றிவிட்டன. நிறமாலை வராதவரை வேட்பாளர்தான், யூடியூப் தம்ப்நெயில் என்ன கத்தினாலும்.

கேட்டவர்:
நன்றி, இப்போது புரிகிறது. இன்னொன்று, பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டு, அப்புறம் மாம்-இசட்14 3,300 கோடி ஒளியாண்டு தொலைவு என்கிறார்களே?

பதில் 1:
ஒளி கிளம்பி 1,350 கோடி ஆண்டு ஆகிறது. அது வந்துகொண்டிருக்கும்போதே வெளி விரிந்துகொண்டிருந்ததால், அந்தத் திரள் இன்று இருக்கும் தொலைவு 3,300 கோடிக்கும் மேல். இரண்டும் வேறு வேறு கணக்கு.

பதில் 3:
யார் முதலிடம் என்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற இன்னொரு தொலைவான திரளில் ஆக்சிஜன் இருப்பதைச் சிலியில் உள்ள ஆல்மா ரேடியோ தொலைநோக்கி மூலம் கண்டுபிடித்து 2025இல் அறிவித்தார்களே, அதுதான் விஷயம். அந்த ஒரே ஆக்சிஜன் கோட்டை வைத்துச் செம்பெயர்ச்சியை 14.32இலிருந்து 14.18 என்று திருத்தியும் விட்டார்கள். ஆக்சிஜன் விண்மீனுக்குள்தான் வேகும், அப்படியானால் பிரபஞ்சத்துக்கு 30 கோடி வயதாகும் முன்பே ஒரு தலைமுறை விண்மீன்கள் பிறந்து, எரிந்து, வெடித்தும் முடித்திருக்க வேண்டும். இவ்வளவு சீக்கிரம் எப்படி என்பதற்குத்தான் இப்போது சண்டை நடக்கிறது.