ஸ்கைரிம் ஆடியாயிற்று, இனி ஒப்லிவியன் எடுக்கலாமா?

இரவுப்பூனை:
ஸ்கைரிம் வீடியோ கேமைச் சலிக்கும்வரை ஆடிவிட்டேன். அதற்கு முந்தைய பாகமான ஒப்லிவியன் 2006-இல் வந்தது, 2025 ஏப்ரலில் ரீமாஸ்டரும் (புதுப்பித்த பதிப்பு) வந்துவிட்டது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், மீதிப் பேர் பத்து லெவலுக்கு மேல் தாங்காது என்கிறார்கள். எதை நம்புவது? என் கம்ப்யூட்டர் சுமார் ரகம், ரீமாஸ்டரோ 125 ஜிபி இடம் கேட்கிறது, அதனால்தான் இறக்குவதற்கு முன்பே கேட்கிறேன்.

கோடாலிக்காரன்:
கில்டு குவெஸ்ட்களுக்காகவே, அதாவது ஆட்டத்தில் வரும் சங்கங்கள் தரும் வேலைகளுக்காகவே ஆடலாம். டார்க் பிரதர்ஹுட் என்ற கொலையாளிகள் சங்கத்தில் ஒரு வேலை வரும். ஸ்கிங்ராட் ஊரில் ஒரு மாளிகை, எங்கோ ஒளித்துவைத்த தங்கப் பெட்டியைத் தேடும் போட்டி என்று நம்பி வந்த ஐந்து விருந்தாளிகள், கதவு பூட்டியாயிற்று, ஆறாவது ஆள் நீங்கள், கொலைகாரனும் நீங்கள்தான். ஒவ்வொருவராகச் சாகச் சாக மற்றவர்களின் பேச்சு மாறும், உங்களிடமே வந்து புலம்புவார்கள், கடைசியில் மிஞ்சுபவர்களை ஒருவர்மேல் ஒருவர் ஏவிவிடவும் முடியும். செய்டின்ஹாலில் தன் ஓவியத்துக்குள்ளேயே மாட்டிக்கொண்ட ஓவியரைத் தேடி நாமும் படத்துக்குள் போவது இன்னொன்று. இந்த அளவுக்குக் குறும்பு ஸ்கைரிமில் கிடையாது.

முட்டுச்சந்து:
குவெஸ்ட் அருமை, மறுக்கவில்லை. ஆனால் அடித்தளமே கோணல் சார். உங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளும் கூடவே ஏறுவார்கள். கொஞ்ச நாள் போனால் சாலையோர வழிப்பறிக்காரன் ஆட்டத்தின் உயர்ரகக் கண்ணாடிக் கவசம் மாட்டிக்கொண்டு வந்து 100 பொன் கொடு, இல்லாவிட்டால் உயிரை விடு என்பான். அட பாவி, உடம்பில் போட்டிருப்பதை விற்றாலே ஆயிரக்கணக்கில் தேறுமே! அப்புறம் நான் எதற்கு லெவல் ஏற வேண்டும்? பரிசாக வரும் வாள்களும் பெரும்பாலும் எந்த லெவலில் வாங்கினோமோ அந்தப் பலத்தோடு நின்றுவிடும். ரீமாஸ்டரில் நம் லெவல் ஏறும் முறையைச் சரிசெய்தார்கள், லெவலுக்கு 12 புள்ளி, நாமே பிரித்துப் போட்டுக்கொள்ளலாம். எதிரிகள் விஷயத்தில் மட்டும் அதே பழைய கதை. நரகம் மாதிரியான உலகத்துக்குத் திறக்கும் ஒப்லிவியன் வாசல்கள் பற்றிப் பேசவே வேண்டாம், உள்ளே ஏறும் நாலாவது கோபுரத்திலேயே கொட்டாவி வந்துவிடும்.

கோடாலிக்காரன்:
எல்லாரும் அப்படி இல்லையே. விண்டசெல் இடிபாட்டில் அம்ப்ரா என்ற வாள்வீராங்கனை இருக்கிறாள், சின்ன லெவலில் போய்ப் பாருங்கள், பொளந்துவிடுவாள். அந்த மாதிரி இன்னும் இருபது இடம் வைத்திருக்கலாம் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

பழைய கார்டு:
சண்டை இருக்கட்டும், பூனைக்குத் தேவையானதைச் சொல்கிறேன். சுமார் கம்ப்யூட்டர் என்றால் 2006 பதிப்பே போதும். ரீமாஸ்டர் அன்ரியல் 5 என்ற கேம் எஞ்சினில் ஓடுவது, ஊரைத் தாண்டி வெளியே வந்தால் நல்ல மெஷினிலேயே திக்கும். பழையதில் முகங்கள் வெந்த உருளைக்கிழங்குதான், குரல் கொடுத்தவர்களும் விரல்விட்டு எண்ணும் அளவு, பிச்சைக்காரர் ஈனக்குரலில் காசு கேட்டுவிட்டு அடுத்த வாக்கியத்தில் கம்பீரமாகப் பேசுவார். எனக்கு அதுவே பிடிக்கும். முக்கியக் கதையில் வரும் க்வாட்ச் ஊருக்கு மட்டும் சீக்கிரமே போய்விடுங்கள், அப்போது பெரும்பாலும் ஸ்கேம்ப் என்ற குட்டிப் பேய்தான் வரும், தள்ளிப்போட்டால் படாத பாடு படுவீர்கள். எதிரி லெவல் தொல்லைக்கு ஆஸ்குரோ மாட் (ஆட்டத்தை மாற்ற ரசிகர்கள் செய்த தொகுப்பு) இருக்கிறது, பெரும்பாலான இடங்களுக்கு நிலையான பலம் வைத்துவிடும்.

இரவுப்பூனை:
சரி, பழையதே போடுகிறேன். மாட் முதலிலேயே வேண்டுமா, ஒரு சுற்று ஆடிய பிறகா?

பழைய கார்டு:
முதலிலேயே. பாதியில் போட்டால் சேவ் குழம்பும்.

முட்டுச்சந்து:
பாருங்கள், மாட் போட்டால்தான் ஆட முடிகிறது, இதைத்தான் நானும் சொன்னேன்.