பொல்கொடவில் பாய்ப்படகு: லைஃப் ஜக்கெட் கட்டாயம் என்பது சரியா?

பாய்விரி
வணக்கம். கொழும்பில் பாய்ப்படகு ஓட்டுகிறவர்கள் இருந்தால் கருத்துச் சொல்லுங்கள். பொல்கொட வாவியில் நாங்கள் ஓடுகிற கிளப்பில் புது விதி போட்டிருக்கிறார்கள். படகுத்துறையை விட்டு இறங்கியதிலிருந்து கரை ஏறும் வரை எல்லோரும் லைஃப் ஜக்கெட் போட்டிருக்க வேண்டுமாம், அதுவும் 150 நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு), தண்ணீர் பட்டால் தானாக ஊதுகிற வகை மட்டும்தானாம். பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் நான் வளர்ந்த ஆள், நன்றாக நீந்துவேன், லேசர் என்ற ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்ப்படகில் தனியாகத்தான் போகிறேன், கவிழ்ந்தால் வேறு யாருக்கும் நட்டமில்லை. காற்றே அசையாத பங்குனி வெயிலிலும் இதைக் கட்டிக்கொண்டு வேக வேண்டுமா? சர்வதேசப் பாய்ப்படகுப் போட்டி விதி 1.2கூட, நிலைமைக்குப் போதுமானதை அணிவது அவரவர் பொறுப்பு என்றுதான் சொல்கிறது. கிளப் ஏன் அதற்கும் மேலே போக வேண்டும்?

மீட்புப்படகு
தம்பி, “யாருக்கும் நட்டமில்லை” என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. எங்கள் கிளப்பில் மீட்புப் படகில் நிற்கிறவன் நான். அந்தப் பக்கம் ஒரே ஒரு மீட்புப் படகுதான் இருக்கும், நீங்கள் தண்ணீரில் காணாமல் போனால் அது உங்களைத் தேடிப் போகும், அந்த நேரம் முழுக்க ஒப்டிமிஸ்ட் (சிறுவர் பாய்ப்படகு) ஓட்டுகிற பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. மிதந்துகொண்டிருப்பவரை ஒரு பார்வையில் கண்டுவிடலாம். முங்கியவரைத் தேட ஆளைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும், பொல்கொடத் தண்ணீர் கலங்கல், முதலையும் உண்டு.

நீச்சலைப் பற்றிச் சொன்னீர்கள். பின்காற்றில் போகும்போது பாய் திடீரென்று மறுபக்கம் வீசி, பூம் (பாயின் அடியில் உள்ள தண்டு) மண்டையில் அடித்தால் எந்த நீச்சல் வீரரும் மயங்கி விழலாம். அதற்குப் பெரிய காற்று வேண்டியதில்லை, ஒரு சின்ன வீச்சு போதும்.

கயிறும் கொக்கியும்
அண்ணா சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன், அணியத்தான் வேண்டும். ஆனால் விதியின் இரண்டாம் பாதி தவறு, அதைக் கேள்வி கேட்காமல் விடக்கூடாது. 150 நியூட்டன் ஜக்கெட் மயங்கியவரை முகம் மேலே திருப்பும், பெரிய படகில் கடலுக்குப் போகிறவர்களுக்கு அருமையான பொருள். டிங்கி என்கிற சின்னத் திறந்த படகு கவிழ்வது அன்றாடம். தலைகீழாகிய படகுக்கோ பாய்க்கோ அடியில் நீங்கள் இருக்கும்போது அது ஊதினால் உங்களை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துவிடும், முங்கி வெளியே வர வேண்டியவர் அங்கேயே மாட்டிக்கொள்வார். ஊதிய ஜக்கெட்டோடு திரும்பப் படகில் ஏறுவதும் பெரும்பாடு. ஊதுகிற ஒவ்வொரு முறையும் புது வாயுக் குப்பி வாங்க வேண்டும். தண்ணீர் பட்டுக் கரையும் அந்தச் சின்ன வில்லை நம் ஊர் ஈரக்காற்றிலேயே பழுதாகத் தொடங்கும். அதனால்தான் டிங்கி ஓட்டுபவர்கள் பெரும்பாலும் 50 நியூட்டன் நுரை வகையைப் போடுகிறார்கள். அது கிட்டத்தட்ட ஐந்து கிலோ தூக்குவிசை, நீந்தத் தெரிந்தவருக்கு, பக்கத்தில் உதவி இருக்கும் இடத்துக்கு. மயங்கியவரைத் திருப்பாது, அதையும் மறைக்கக்கூடாது, ஆனால் மேலே வைத்திருக்கும், மீட்புப் படகு வந்து சேரலாம்.

“ஏதாவது ஒன்றை அணி” என்பது வரை கிளப் சொல்லட்டும். எதை என்பதைப் படகுக்கும் ஆளுக்கும் ஏற்றபடி ஓட்டுபவர் தேர்ந்தெடுக்கட்டும்.

லிஃபி ஆற்றோரம்
இப்போது இருப்பது டப்ளினில், முன்பு வெள்ளவத்தை. இங்கே ஏழு மீற்றருக்குக் குறைந்த படகில், திறந்த படகாக இருந்தாலோ மேல்தளத்தில் நின்றாலோ, அணிவது சட்டம். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இன்னும் இறுக்கம். பக்கத்து இங்கிலாந்தில் சொந்தப் படகில் போகும் பெரியவர்களுக்கு அப்படிப் பொதுச் சட்டம் கிடையாது. இங்கே யாரும் சுதந்திரம் போய்விட்டது என்று படகை விற்றதாக நான் கேள்விப்படவில்லை.

ஒப்டிமிஸ்ட் அம்மா
2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளை இழந்தோம். அதற்குப் பிறகு என் மகளைத் தண்ணீரில் விடும்போது எனக்கு மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. நீங்கள் வெற்றுடம்போடு போவதைப் பார்த்து அவளும் “பெரிய ஆளானதும் கழற்றலாம்” என்கிறாள். தயவுசெய்து போட்டுக்கொண்டு போங்கள்.

பாய்விரி
மீட்புப் படகு பற்றி அண்ணா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, அணிகிறேன். ஆனால் காற்று விழுந்த நாளையும் புயல் நாளையும் ஒரே மாதிரி நடத்துவது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. போட்டிகளில் Y கொடி ஏற்றினால் எல்லோருக்கும் கட்டாயமாகும் (விதி 40), நிலைமையைப் பார்த்து அதிகாரி முடிவு செய்வார், அந்த முறை நியாயமானது. 150 நியூட்டன் என்ற வரியை எடுக்கச் சொல்லிக் குழுவுக்கு எழுதப்போகிறேன், கயிறும் கொக்கியும் அக்கா சொன்ன காரணங்களைச் சேர்க்கலாமா?

கயிறும் கொக்கியும்
தாராளமாக. இன்னொன்றையும் எழுதுங்கள்: கிளப் பெட்டியில் கிடக்கும் ஜக்கெட்டுகளைத் தவறாமல் சோதிக்க வேண்டும் என்று. ஸிப் உடைந்ததும், நுரை நசுங்கிப் போனதும் அங்கே இருக்கின்றன. போட்டுக் கட்டியபின் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது, வேறு எடுங்கள்.