கலைச்சொல்: கெப்பாசிட்டர் ‘ரீஃபார்மிங்’

சுங்கை சிப்புட்டிலிருந்து வணக்கம்.

தோட்டத்து ஸ்டோர்களில் கிடக்கும், வால்வு (வெற்றிடக் குழாய்) வைத்த பழைய வோல்ட்மீட்டர், சிக்னல் ஜெனரேட்டர்களைப் பழுதுபார்க்கும் பிள்ளைகளுக்கான கையேட்டில் ‘ரீஃபார்மிங்’ என்பதற்கொரு சொல் வேண்டும். ‘மறுசீரமைப்பு’ என்று எழுதினால் கெப்பாசிட்டரைப் பிரித்துக் கட்டுவதாக எண்ணிக்கொள்கிறார்கள்.

எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரில் மின்காப்பாக இருப்பது அலுமினியத் தகட்டின் மேலுள்ள ஆக்சைடு படலம். ஆலையில் கொடுத்த ஒவ்வொரு வோல்ட்டுக்கும் ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் கனத்துக்கு அது வளர்ந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் கரண்ட் படாமல் கிடந்தால் நலிந்து, மின்கசிவு கூடும். அப்படியே மெயின்ஸில் சொருகினால் கெப்பாசிட்டர் சூடேறி வெடிக்கலாம். ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரும் டிரான்ஸ்ஃபார்மரும்கூடப் போகலாம். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தி மெல்லக் கொடுத்தால் படலம் மறுபடி வளரும்; இதுதான் ரீஃபார்மிங். ‘படலமேற்றல்’ எனலாமா?

----

> ‘படலமேற்றல்’ எனலாமா?

வேண்டாம் அண்ணே. கெப்பாசிட்டர் பேச்சில் ‘ஏற்றம்’ என்றாலே மின்னேற்றம்தான் நினைவுக்கு வரும். இங்கே அந்தக் குழப்பம் ஆபத்து. ‘படலமீட்டல்’ என்றால் வீணை குறுக்கே வருகிறது. ‘படலப்புதுக்கல்’ எப்படி? ஆலையில் முதலில் உண்டாக்குவது ‘படலமாக்கல்’, பிறகு நாம் செய்வது ‘படலப்புதுக்கல்’. சோடியாக நிற்கும்.

செய்முறையையும் சேர்த்தே எழுதுங்கள். 450 வோல்ட் கெப்பாசிட்டரின் ஒரு காலையாவது சர்க்கியூட்டிலிருந்து கழற்றி, 100 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரைத் தொடராக வைக்க வேண்டும். உள்ளே முழு ஷார்ட் என்றாலும் 4.5 மில்லி ஆம்பியர்தான், ரெசிஸ்டரில் 2 வாட்தான். கொடுக்கும் டிசி வோல்ட்டை 50 வோல்ட் படிகளாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் ரெசிஸ்டரின் இருமுனை வோல்ட் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அங்கே 10 வோல்ட் என்றால் கசிவு 0.1 மில்லி ஆம்பியர். மணிக்கணக்கில் இறங்காமலே நின்றால் மாற்றிவிடுங்கள். முடிந்ததும் அதே ரெசிஸ்டர் வழியாக வடிக்க வேண்டும். 40 மைக்ரோஃபாரட் என்றால் 20 நொடியில் பெரும்பகுதி வடியும். மீட்டரில் பார்த்த பிறகே கை வைக்கலாம்.

----

‘படலப்புதுக்கல்’ எனக்கும் சரி. ஆனால் கருவியையே வேரியாக்கில் (மெயின்ஸ் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) போட்டு மெல்லக் கூட்டுவதையும் பலர் இதே பெயரில் சொல்கிறார்கள். அதை இதில் சேர்க்கக் கூடாது. வால்வு ரெக்டிஃபையர் உள்ள கருவியில் குறைந்த வோல்ட்டில் இழை சூடேறாது, கெப்பாசிட்டருக்கு ஒன்றுமே போகாது. இழை சூடேறியதும் பெரிய வோல்ட் ஒரேயடியாக வந்து விழும். படலத்துக்குப் பொறுமையாக வளர வாய்ப்பே இல்லை.

எல்லையையும் போடுங்கள் அண்ணே. உள்திரவம் காய்ந்த கெப்பாசிட்டருக்கு இது மருந்தாகாது: கசிவு நன்றாகக் குறைந்தும் கொள்ளளவு குறைவாகவே இருக்கும், உள்தடை உயர்ந்தே நிற்கும். காகிதக் கெப்பாசிட்டர் நம் ஊர் ஈரக்காற்றில் நீர் உறிஞ்சியே கசிகிறது. அதில் புதுக்கப் படலமே கிடையாது, மாற்றத்தான் வேண்டும். ஷார்ட்டான டான்டலம் கெப்பாசிட்டரையும் மாற்றத்தான் வேண்டும்.

வினையாக ‘படலம் புதுக்கு’ என்று வைத்தால் ‘படலம் புதுக்கிய கெப்பாசிட்டர்’ என்று லேபிளில் எழுதவும் வசதி. தேதியும் கடைசிக் கசிவு அளவும் அதே லேபிளில் இருக்கட்டும்.