மிட்சுபிஷி 4ஜி63 டர்போ இன்ஜினுக்கு 272 கேம் சரியா வருமா? அவசரம்

டர்போதாசன்:
ஹெட் கழட்டி வெளிய இருக்கு. அதோட கேமும் (வால்வைத் திறக்குற தண்டு) மாத்திடலாம்னு பாக்குறேன். 264, 272, 280 மூணும் கிடைக்குது. ஸ்ட்ரீட் கார்தான், ஐடில் கொஞ்சம் ஆடினா பரவாயில்ல. எதை எடுக்கலாம்? இன்னைக்கே ஆர்டர் போடணும், சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்பேனர்செட்:
எந்த டர்போ, எத்தனை பார் பூஸ்ட், ரெவ் லிமிட் எவ்வளவு? வால்வு ஸ்ப்ரிங் கம்பெனிலேர்ந்து வந்ததேவா? ஹெட் மிவெக்கா (வால்வு டைமிங் மாறுறது), சாதாவா? ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) என்ன? இதுல ஒண்ணு கூட சொல்லாம கேம் கேட்டா நாங்க ஜோசியம்தான் பாக்கணும்.

பூஸ்ட்பாண்டி:
272 கண்ண மூடிட்டுப் போடுங்க ப்ரோ. இந்த இன்ஜினுக்கு எல்லாரும் போடுறது அதுதான். பவர் குறைஞ்சா பூஸ்ட 0.2 பார் ஏத்திக்கலாம்.

வால்வுவாத்தியார்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாயிற்று. தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை.

272 என்பது டியூரேஷன், அதாவது வால்வு திறந்திருக்கும் கிராங்க் டிகிரி. அது எந்த லிஃப்டில் (வால்வு எவ்வளவு திறந்தபின்) அளந்த டிகிரி? ஒருவர் வால்வு அசையத் தொடங்கும் இடத்திலிருந்து அளப்பார், இன்னொருவர் 1 மிமீ லிஃப்டில் அளப்பார். அதே கேமுக்கு இரண்டு அளவுக்கும் நாற்பது ஐம்பது டிகிரி வரை வித்தியாசம் வரும். பெட்டி மேல் போட்ட எண்ணை வைத்து இரண்டு கம்பெனி கேமை ஒப்பிடுவது வீண் வேலை. 1 மிமீ அளவு, லிஃப்ட், சென்டர்லைன் (கேம் லோப் உச்சிக்கு வரும் கிராங்க் டிகிரி) மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஓவர்லாப், அதாவது இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரம். இன்டேக், எக்ஸாஸ்ட் டியூரேஷன் இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்து, லோப் செப்பரேஷனை (இரண்டு லோப் உச்சிக்கும் இடையிலான கேம் டிகிரி) கழித்து, இரண்டால் பெருக்க வேண்டும். 272/272, செப்பரேஷன் 112 என்றால் 48 டிகிரி. 264/264 என்றால் 40. டர்போ இன்ஜினுக்கு ஓவர்லாப் விஷம். அவ்வளவுதான்.

மூன்றாம்கியர்:
விஷம்னு ஒரே போடா போட முடியாது சார். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பிரஷர் பூஸ்டை விட எவ்வளவு அதிகம்ங்கறதுதான் விஷயம். சின்ன டர்பைன்ல, மேல் ரெவ்வுல அது பூஸ்டை மாதிரி ரெண்டு மடங்கு கூட போகும். அப்போ ஓவர்லாப் நேரத்துல எரிஞ்ச கேஸ் சிலிண்டருக்குள்ளயும் இன்டேக்குக்கும் திரும்பி வரும். சார்ஜ் (உள்ளே போகிற கலவை) சூடாகும், நாக் (கலவை தானா வெடிக்கிறது) வரும், இக்னிஷனைப் பின்னுக்கு இழுக்க வேண்டியிருக்கும். பெரிய டர்போல ரெண்டு பிரஷரும் கிட்டத்தட்ட சமமா நிக்கும்போது அதே 48 டிகிரி சிலிண்டரைக் கழுவி விடும், பவர் ஏறும்.

வால்வுவாத்தியார்:
அவர் கேட்டது ஸ்ட்ரீட் காருக்கு. ஸ்ட்ரீட் காரில் இருப்பது சின்ன டர்போ. இதில் என்ன விவாதம்?

மூன்றாம்கியர்:
என்ன டர்போன்னு அவர் இன்னும் சொல்லவே இல்லையே சார்.

டர்போதாசன்:
சாரி, வேலையா இருந்தேன். ஸ்டாக் 16ஜி டர்போ. 1.4 பார். 7500 வரைக்கும் இழுப்பேன். ஸ்ப்ரிங் பழசுதான். மிவெக் இல்ல. ஈசியு ஸ்டாண்ட்அலோன் (தனியா வாங்கிப் போட்டது), மேப் சென்சார் (இன்டேக் பிரஷர் அளக்குறது).

ஸ்பேனர்செட்:
இதைத்தான் முதல்லயே கேட்டேன். 16ஜிக்கும் 1.4 பாருக்கும் 264 எடுங்க. 272 போட்டா இன்டேக் வால்வு இன்னும் லேட்டா மூடும், கீழ் ரெவ்வுல சிலிண்டர் நிறையறது குறையும், பூஸ்ட் கிளம்புற ரெவ்வும் தள்ளிப் போகும். அதுக்கு ஈடா மேல கிடைக்க வேண்டிய பவரையும் இந்த டர்பைன் விடாது.

சந்தேகம்னா அளந்து பாருங்க. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு நாலு ரன்னரும் சேர்ற இடத்துல ஒரு சின்ன திரெட் போட்ட பங் (குழாய் மாட்டுற வளையம்) வெல்ட் பண்ணி, ஒரு மீட்டர் செம்புக் குழாயைச் சுருளா சுத்தி மாட்டுங்க. கேஸ் அதுல ஆறின பிறகுதான் சென்சாருக்குப் போகணும், இல்லன்னா சென்சார் வெந்துடும். 5 பார் சென்சார் போதும். அதையும் பூஸ்டையும் ஒரே லாக்ல (பதிவுல) எடுத்துப் பாருங்க. 1.4 பூஸ்டுக்கு 2.8 காட்டினா 272 வேண்டாம்.

பூஸ்ட்பாண்டி:
ஸ்ப்ரிங் கண்டிப்பா மாத்துங்க ப்ரோ. இன்டேக் வால்வு 34 மிமீ, பரப்பு 9 சதுர செமீ. 1.4 பார்ல 13 கிலோ வால்வைப் பின்னாலேர்ந்து தள்ளும்.

மூன்றாம்கியர்:
ஸ்ப்ரிங் மாத்தணும், சரி. காரணம் அது இல்ல. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்ல சிலிண்டருக்குள்ள இருக்கிற பிரஷர் பூஸ்டை விட அதிகம், அது இன்டேக் வால்வைச் சீட்டோட அழுத்தித்தான் வைக்கும். ஆபத்து எக்ஸாஸ்ட் வால்வுல. 30.5 மிமீ, 7.3 சதுர செமீ. இன்டேக் ஸ்ட்ரோக்ல சிலிண்டர்ல 1.4, மேனிஃபோல்டுல 2.8. வித்தியாசம் 1.4 பார், பத்து கிலோவுக்கு மேல மூடின வால்வைத் திறக்கப் பாக்கும். பழைய ஸ்ப்ரிங் தளர்ந்திருந்தா வால்வு சீட்ல குதிக்கும். இந்த ஹெட்ல ஹைட்ராலிக் லிஃப்டர், அந்த இடைவெளியை எண்ணெய் நிரப்பிடும், வால்வு முழுசா மூடாம நிக்கும். 7000ல திடீர்னு மிஸ்ஃபயர் வந்தா பலர் இக்னிஷன் காயிலை மாத்திட்டு இருப்பாங்க, உண்மையில இதுதான்.

வால்வுவாத்தியார்:
இது சரியான விளக்கம். ஸ்ப்ரிங் மாற்றும்போது இன்ஸ்டால்டு ஹைட்டை (வால்வு மூடியிருக்கும்போது ஸ்ப்ரிங் உயரம்) ஒவ்வொரு வால்வாக அளக்கவும். முழு லிஃப்டில் ஸ்ப்ரிங் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு முன் 1 மிமீக்குக் குறையாமல் இடம் வேண்டும். ரிட்டெய்னர் (ஸ்ப்ரிங்கைப் பிடிக்கும் தட்டு), வால்வு சீலில் இடிக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி களிமண் வைத்துப் பார்ப்பவர்கள் ஹைட்ராலிக் லிஃப்டரோடு பார்த்து ஏமாறுவார்கள். லிஃப்டர் அமுங்கிவிடும், இடைவெளி நிறைய இருப்பதாகக் காட்டும். அசையாத டம்மி லிஃப்டர் போட்டு, லேசான ஸ்ப்ரிங் வைத்து, டயல் கேஜில் பார்க்க வேண்டும். இன்டேக்கில் 2 மிமீ, எக்ஸாஸ்டில் 2.5 மிமீ.

பூஸ்ட்பாண்டி:
முதல் ஸ்டார்ட் மறக்காதீங்க. ஸிங்க் அதிகமுள்ள ஆயில் ஊத்தி, 2000 ஆர்பிஎம்ல 20 நிமிஷம் ஓட்டணும். இல்லன்னா லோப் தேஞ்சு போயிடும்.

வால்வுவாத்தியார்:
அது ஃபிளாட் டேப்பட் இன்ஜினுக்கு. இதில் ரோலர் ராக்கர். லோப் மேல் உருளை உருள்கிறது, உரசவில்லை. படித்ததை எல்லா இன்ஜின் மேலும் ஊற்றாதீர்கள்.

பூஸ்ட்பாண்டி:
ஊத்துறதுல என்ன சார் நஷ்டம்? ஆயில்தானே.

வால்வுவாத்தியார்:
ஸிங்க், பாஸ்பரஸ் அதிகமானால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெடும்.

பூஸ்ட்பாண்டி:
ஒரே ஒரு ஆயில் சேஞ்சுலயா சார்?

ஸ்பேனர்செட்:
போதும் ரெண்டு பேரும். ரோலருக்கு அசெம்ப்ளி லூப் தடவினா போதும். பிளக் கழட்டி ஸ்டார்ட்டர்ல சுத்தி ஆயில் பிரஷர் ஏறின பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க, லிஃப்டர் கொஞ்ச நேரம் டிக் டிக்னு கேக்கும், அடங்கிடும். அடங்கலன்னா லிஃப்டருக்குள்ள காத்து இருக்கு.

மேப் சென்சார்னு சொன்னீங்க, அதனால இன்னொண்ணு. கேம் மாத்தினா ஐடில்ல மேப் ஏறும். ஸ்டாக்ல 30 முதல் 35 கிலோபாஸ்கல், ஓவர்லாப் அதிகமானா 50 தாண்டும். பழைய ஃப்யூயல் டேபிள் செல்லாது. ஓவர்லாப்ல எரியாத காத்து எக்ஸாஸ்ட்டுக்குப் போறதால ஐடில்ல வைட்பேண்ட் (எக்ஸாஸ்ட் ஆக்சிஜன் சென்சார்) லீன்னு (ஃப்யூயல் கம்மின்னு) பொய் சொல்லும். க்ளோஸ்டு லூப் (அந்த சென்சாரைப் பாத்து ஃப்யூயலைத் திருத்துறது) ஆன்ல இருந்தா ஈசியு அதை நம்பி ஃப்யூயல் கொட்டும், பிளக் கருத்துடும். ஐடில்ல அதை ஆஃப் பண்ணி, 950 ஆர்பிஎம் பக்கம் வச்சு ட்யூன் பண்ணுங்க. பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் குறையுதான்னும் பாருங்க.

டர்போதாசன்:
264 ஆர்டர் போட்டாச்சு, ஸ்ப்ரிங்கும் ரிட்டெய்னரும் சேத்து. அட்ஜஸ்டபிள் கேம் கியரும் வருது. அதுல இருக்கிற மார்க் கேம் டிகிரியா, கிராங்க் டிகிரியா?

மூன்றாம்கியர்:
கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேம் ஒரு டிகிரி நகர்ந்தா கிராங்க்ல ரெண்டு. அதனால மார்க்கை நம்பாம, பிஸ்டன் ஸ்டாப் வச்சு டிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம்) பிடிச்சு, டிகிரி வீல்ல சென்டர்லைன் எடுங்க. முதல்ல கேம் கார்டுல போட்டிருக்கிறதுக்கு வைங்க. அப்புறம் இன்டேக்கை ரெண்டு கிராங்க் டிகிரி ரிட்டார்ட், எக்ஸாஸ்டை ரெண்டு அட்வான்ஸ் பண்ணினா ஓவர்லாப் 4 குறையும். ஒவ்வொரு மாத்தத்துக்கும் பிறகு பிஸ்டன் இடைவெளியைத் திரும்ப அளக்கணும். பெல்ட் மாட்டினதும் கிராங்கை கையால ரெண்டு முழுச் சுத்து சுத்துங்க, எங்கயாவது தடுத்தா அங்கயே நிறுத்துங்க, அழுத்தாதீங்க.

ஸ்பேனர்செட்:
பெல்ட் இல்லாம ரெண்டு கேமையும் இஷ்டத்துக்குத் திருப்பாதீங்க. இந்த ஹெட்ல இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகளே ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். லாக் எடுத்தா இங்க போடுங்க.